விசாரிச்சாச்சு

எங்கள் தெருவில் யாருக்குச் சந்தேகமான மெயில் வந்தாலும் முதலில் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். "எக்கா, இது நெசமா பொய்யான்னு கொஞ்சம் பாருங்க" என்று போனை நீட்டுவார்கள். நானும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, டாக்டர் எக்ஸ்ரே பார்க்கிற மாதிரி போனைத் தள்ளிப் பிடித்துப் பார்ப்பேன். அந்தத் தோரணையை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

இந்தப் பட்டம் எனக்குச் சும்மா கிடைக்கவில்லை. தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறேன். துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களுக்கான காகித வேலை, கப்பலில் ஏறுகிற, இறங்குகிற ஆட்களின் பாஸ்போர்ட், விசா எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். அப்படிப்பட்ட எனக்கே நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் போன் வந்தது. தோசைக்கல் அடுப்பில் காய்கிறது, வடக்கே ஏதோ ஒரு ஊர்ப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒருவர் இந்தியில் அதட்டுகிறார். என் பெயரில் வாங்கிய சிம் கார்டை வைத்து யாரோ யாரையோ ஏமாற்றியிருக்கிறார்களாம். "போடா, உன்னை மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்" என்று தமிழில் நாலு வார்த்தை சொல்லிக் கட் பண்ணிவிட்டேன்.

பதினைந்து நாள் கழித்து உள்ளூர் ஸ்டேஷனிலிருந்தே ஆள் வந்தது. அந்தப் போன் நிஜம். சிம் வாங்கக் கொடுத்த ஆதார் நகலைக் காட்டினார்கள். என் பெயர், என் அப்பா பெயர், என் கதவு எண். முகம் மட்டும் வேறு எவளோ ஒருத்தியுடையது. நான் நான்தான் என்று நிரூபிக்க ஆறு மாதம் அலைந்தேன்.

பொய் போலவே வருகிற நிஜமும் உண்டு என்று அன்றைக்கு நான் படித்திருக்க வேண்டும். நான் படித்தது வேறு பாடம். எவனையும் நம்பாதே என்பதுதான் எனக்கு ஏறியது. அதற்குப் பிறகு ஜெராக்ஸ் கடையில் பாழான நகலைக்கூட அங்கேயே விடமாட்டேன், கிழித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வருவேன். பரிசு விழுந்தது, கரண்ட் கட் ஆகும், பார்சல் நிற்கிறது என்று தெருவுக்கு வந்த மெயில்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. தலைக்கனம் ஏறாமல் என்ன செய்யும்?

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு தையல்காரி இருக்கிறாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவள் புருஷன் கப்பலில் சமையல்காரர். இரண்டு பேரும் மணப்பாடு என்கிற கடலோர ஊர்க்காரர்கள், கல்யாணம் முடிந்து இங்கே வந்து குடியேறியவர்கள். அவர் கப்பலுக்குப் போனால் எட்டு ஒன்பது மாதம் ஆகும் திரும்பி வர. அந்த மாதங்களில் அவளுக்கு எல்லாவற்றுக்கும் நான்தான். ஒரு சமயம் பேங்கிலிருந்து பேசுவதாக யார்யாரோ அவளுக்குத் தொடர்ந்து போன் செய்தபோது, "மொதல்ல இந்த நம்பரத் தூக்கிக் கடல்ல போடுளா" என்று நான்தான் புது நம்பர் வாங்க வைத்தேன். அவளும் போட்டாள். புது நம்பரைப் புருஷனுக்கு அனுப்பினாள், அவர் தன் போனில் பதிந்துகொண்டார். கம்பெனிப் படிவத்தில் பழைய நம்பர் அப்படியே இருந்தது. அது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அடுத்தவர் படிவங்களில் அதைச் சரிபார்ப்பதுதான் என் தொழில்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சர்ச்சில் பூசை முடிந்து தலையில் போட்ட முக்காட்டைக்கூட எடுக்காமல் நேராக என் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"எக்கா, அவியளுக்கு ஒடம்பு சரியில்லன்னு மெயில் வந்திருக்கு. ஆஸ்பத்திரில சேத்திருக்காவளாம்."

வாங்கிப் பார்த்தேன். மேற்கு ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு சின்னத் துறைமுகத்து ஏஜென்சி. உங்கள் கணவரைக் கடுமையான வயிற்று வலியோடு கப்பலிலிருந்து இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், ஆபரேஷன் ஆகிறது, நீங்கள் வருவதற்கு விசா எடுக்க வேண்டும், பாஸ்போர்ட் நகலும் வெள்ளைப் பின்னணியில் போட்டோவும் உடனே அனுப்பவும் என்று இருந்தது. இங்கிலீஷ் ஓட்டை உடைசல். 'மிக அவசரம்' என்பது மூன்று இடத்தில் பெரிய எழுத்தில். அனுப்பிய முகவரி எல்லோரும் வைத்திருக்கிற சாதாரண இலவச மெயில் முகவரி. கம்பெனி முத்திரை கிடையாது.

நான் அதை முழுதாகப் படித்தேன் என்றுகூடச் சொல்ல மாட்டேன். நாட்டின் பெயரைப் பார்த்ததுமே தீர்ப்பு எழுதிவிட்டேன். என் ஆபீசுக்கு எத்தனையோ நாட்டு ஆட்கள் வந்து போகிறார்கள், அவர்களோடு உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். இருந்தும் ஆப்பிரிக்கா என்றாலே ஏமாற்று என்பதுதான் அன்றைக்கு என் மண்டைக்குள் இருந்தது.

"ஏளா, அழாத. சுத்த ஏமாத்து வேல. பாஸ்போர்ட் கேக்கான் பாரு, அதுக்குத்தான் இம்புட்டு நாடகம்."

"அவிய வாட்சப்புல ஒத்த டிக்குதான்க்கா வருது."

"கடல்ல இருந்தா ஒத்த டிக்குதான் வரும். அவரே சொல்லலியா?"

"ரெண்டு வாரத்துக்கு சிக்னல் இருக்காதுன்னு சொன்னாவதான்." கொஞ்சம் யோசித்தாள். "மெயில்ல ஒரு நம்பர் இருக்கு. அடிச்சிப் பாக்கட்டா?"

"அடிச்ச, தொலஞ்ச. அதுக்குத்தான அவன் காத்துக்கிட்டு இருக்கான்."

அவள் கையிலிருந்த போனை வாங்கி, அந்த முகவரியை நானே பிளாக் செய்தேன். அப்படியும் அவள் முகம் தெளியவில்லை. சரி, அவளைத் தேற்ற வேண்டுமே என்று ஒன்று சொன்னேன். "நாளைக்கு எங்க ஆபீசுல இந்த ஏஜென்சியப் பத்தி விசாரிச்சிட்டு வாரேன். உலகத்துல எந்தத் தொறமொகத்துல எவன் ஏஜென்ட்டுன்னு எங்க அண்ணாச்சிக்குத் தெரியும்." அது உண்மை. எங்கள் முதலாளி முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறவர். பெயரைச் சொன்னால் இரண்டு நிமிஷத்தில் போன் போட்டுக் கேட்டுவிடுவார். ஏஜென்சியின் பெயரைக் காலண்டர் தாளைக் கிழித்து எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை ஒரே நேரத்தில் இரண்டு கப்பல் உள்ளே வந்தது. ஒன்றில் ஆறு பேர் இறங்க வேண்டும், ஒருவனுடைய விசாவில் ஏதோ குளறுபடி. இமிகிரேஷனுக்கும் ஆபீசுக்கும் நாலு நடை நடந்தேன். மத்தியானச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டேன். இதையெல்லாம் சாக்காகச் சொல்லவில்லை. அன்றைக்கு அண்ணாச்சி எனக்கு எதிர் மேசையில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தார். மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் இரண்டு கொடுத்தார்.

சாயங்காலம் நான் தெருமுனை திரும்பும்போதே அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. அவளைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஞாபகமே வந்தது.

"எக்கா, விசாரிச்சியளா?"

மறந்துவிட்டேன், நாளைக்குக் கேட்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அவள் ஒன்றும் என்னைக் கடித்துத் தின்றிருக்க மாட்டாள். ஆனால் தெருவே நம்புகிற பெரிய மனுஷி மறந்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வாள்?

"விசாரிச்சாச்சுளா. அப்படி ஒரு ஏஜென்சியே கெடயாதாம்."

அவள் கேட்டிலிருந்து கையை எடுத்து நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். மறுநாள் மத்தியானம் சீலா மீன் வறுவல் ஒரு தட்டு நிறைய என் வீட்டுக்கு வந்தது. அதை நான் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது என்று தட்டைக் கழுவிக் கொடுக்கும்போது சொல்லவும் செய்தேன்.

புதன்கிழமை பஸ் பாஸைத் தேடும்போது அந்தக் காலண்டர் தாள் கையில் வந்தது. அப்போதாவது கேட்டிருக்கலாம். அண்ணாச்சி பக்கத்து அறையில்தான் இருந்தார். அதுதான் விசாரித்தாயிற்று என்று சொல்லிவிட்டோமே, இனி வேறு மாதிரி பதில் வந்தால் என்ன முகத்தோடு போய்ச் சொல்வது என்று யோசித்தேன். யோசித்து, தாளை நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டேன். மறதியை மன்னிக்கலாம். இப்படிக் கிழித்ததற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பத்தாம் நாள் சேதி வந்தது. மெயிலில் இல்லை, ஆள் மூலமாக. அதே கப்பலில் வேலை செய்கிற ஒரு பையனின் அப்பா எங்கள் பகுதிக்காரர். அந்தப் பையனுக்குச் சிக்னல் கிடைத்ததும் வீட்டுக்குப் பேசியிருக்கிறான். "குக் அண்ணனுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டிருக்கிறான். அவர் ஓடி வந்து தையல்காரியிடம் கேட்க, அவள் தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டோடு தெருவில் இறங்கி என் பெயரைச் சொல்லிக் கத்தினாள்.

கப்பல் கம்பெனியின் மும்பை ஆபீசுக்கு என் போனிலிருந்துதான் பேசினோம். குடல்வால் வெடித்து வயிறெல்லாம் சீழ் பரவியிருந்தது, இரண்டு ஆபரேஷன், ஆறு நாள் தீவிர சிகிச்சை, இப்போது ஆபத்தைத் தாண்டிவிட்டார் என்றார்கள். அவருடைய போன் கப்பலோடு போய்விட்டது. படிவத்தில் இருந்த நம்பர் வேலை செய்யவில்லை. அங்குள்ள ஏஜென்ட் வீட்டுக்கு மெயில் மேல் மெயில் போட்டும் பதில் இல்லையாம்.

"அவிய பக்கத்துல யாரு சார் இருந்தா?" என்று அவள் கேட்டாள்.

"யாரும் இல்லம்மா" என்றார் மும்பையில் பேசிய தமிழ்க்காரர்.

போனை வைத்த பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தோளைத் தொட்டாள். "நீங்க என்னக்கா செய்விய? உங்க ஆபீசுக்கே தெரியாமப் போச்சே." என் பொய்யை வைத்தே என்னைத் தேற்றினாள். அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்க வேண்டும். நான் தண்ணீர் கொண்டு வருகிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஒரு மாதம் கழித்து அவர் வந்தார். பாதி ஆளாக வந்தார். சட்டை தோளில் தொங்கியது. வந்த மூன்றாம் நாள் மாலை இரண்டு பேரும் என் வீட்டுக்கு வந்தார்கள். மறுபடி கப்பலேற உடல் தகுதிச் சான்று வாங்க வேண்டும், ஆஸ்பத்திரிக் காகிதங்களை வரிசைப்படுத்தித் தாருங்கள் என்று ஒரு பச்சை ஃபைலை என் மடியில் வைத்தார். அங்கே ஏஜென்சியில் வேலை பார்க்கிற பையன் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து ஒன்றாகக் கோத்துக் கொடுத்திருந்தான். கடைசியில் நாலு மெயில்கள்.

முதலாவது எனக்குத் தெரிந்தது. இரண்டாவது, நினைவூட்டல். மூன்றாவதில் இப்படி ஒரு வரி இருந்தது. 'பலமுறை தெரிவித்தும் குடும்பத்தாரிடமிருந்து பதில் இல்லாதது எங்களுக்கு மிகுந்த வியப்பளிக்கிறது.' இது என் வாக்கியம். நான் எழுதியது இல்லை, ஆனால் நான் எழுதியதேதான்.

பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு பிலிப்பைன்ஸ் மாலுமியை வெளிக்கடலில் நின்ற கப்பலிலிருந்து படகில் கொண்டு வந்து இங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. அவர் மனைவிக்கு மெயில் எழுதியது நான்தான். ஆபீஸ் மெயில் அடிக்கடி மக்கர் செய்யும், அதனால் இதற்கெல்லாம் ஒரு இலவச முகவரிதான் வைத்திருந்தோம். 'மிக அவசரம்' என்று பெரிய எழுத்தில் போட்டேன். பாஸ்போர்ட் நகல் கேட்டேன். என் இங்கிலீஷ் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பதில் வரவேயில்லை. மறுபடி எழுதிய மெயிலில் இதே 'வியப்பு' வாக்கியத்தைத்தான் போட்டேன். தினமும் கஞ்சி வாங்கிக்கொண்டு போவேன், அவர் நல்ல கையால் போனைக் காட்டி மெயில் வந்ததா என்று சைகையில் கேட்பார். நாளைக்கு வரும் என்று நானும் சைகையில் சொல்வேன். ஏழாம் நாள் சக்கர நாற்காலியில் விமானம் ஏற்றி அனுப்பினோம். "என்ன பொம்பள அவ, புருஷன் சாகக் கெடக்கான், ஒரு வரி எழுத மாட்டாளா" என்று ஆபீசில் நான் பேசாத பேச்சில்லை.

ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த மனைவி மெயிலைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாள். அவள் தெருவிலும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒருத்தி இருந்திருப்பாள். நான் எழுதினால் உண்மை, இன்னொருவன் எழுதினால் ஏமாற்று.

நாலாவது மெயில் ஏழாம் நாள் அனுப்பியது. அது இங்கிலீஷ் எழுத்தில் இருந்த தமிழ். தமிழ் தெரியாத அந்த ஏஜென்சிப் பையன் அவர் படுக்கையிலிருந்து சொல்லச் சொல்ல ஒவ்வொரு எழுத்தாகத் தட்டியிருக்கிறான். சொற்கள் கண்ட இடத்தில் பிரிந்தும் ஒட்டியும் கிடந்தன. எழுத்துக் கூட்டி மெதுவாக வாய்விட்டுப் படித்தேன்.

'நான்தான். நீ நம்பல போல. யாரோ ஏமாத்துறான்னு நெனைக்க. சரிதான், அப்படித்தான் இருக்கணும். மணப்பாட்டுத் திருவிழால உன் ஒத்தச் செருப்பு அலையில போச்சு. என் செருப்பப் போட்டுட்டு நீ வந்த, நான் சுடுமணல்ல வெறுங்காலோட வந்தேன். இது நமக்கு மட்டுந்தான் தெரியும். இப்ப நம்பு. பயப்படாத. ஒரு வரி எழுது.'

அவள் இதைப் பார்த்ததே இல்லை. நான் பிளாக் செய்த முகவரியிலிருந்து வந்தது எப்படிக் கண்ணில் படும்? வாயில் சேலைத் தலைப்பை வைத்து அழுத்திக்கொண்டாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அதுக்கும் பதில் வரலன்னதும், இவளுக்குத்தான் ஏதோ ஆயிப்போச்சுன்னு நெனச்சேன். அதுக்கப்பறம் அங்க கொடுத்த சாப்பாடு எறங்கல."

பிறகு என் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை. "நீங்க விசாரிச்சியன்னு இவ சொன்னா. பெரிய ஏஜென்சிக்கா அது. அங்கன உள்ள எல்லாருக்கும் தெரியும். உங்க ஆபீசுல யாருட்டக் கேட்டிய?"

அண்ணாச்சி பெயரைச் சொல்லலாம் என்று ஒரு கணம் நாக்கு நுனி வரை வந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

"யாருட்டயும் கேக்கல" என்றேன். "மறந்துட்டேன். கேட்டேன்னு பொய் சொன்னேன்."

கிழித்துப் போட்ட தாளைப் பற்றியும் சொன்னேன். அவர்தான் முதலில் எழுந்தார். "விடுங்கக்கா, உயிரோட வந்துட்டேன்லா" என்று ஃபைலை எடுத்துக்கொண்டார். அவள் என்னை நேராகப் பார்த்தாள். "நான் அன்னைக்கே அடிச்சிருப்பேன்க்கா அந்த நம்பருக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் வைத்த டீ இரண்டு டம்ளரிலும் அப்படியே ஆறிப்போய் இருந்தது.

அதற்குப் பிறகு பல மாதம் அவள் என் வீட்டுப் படி ஏறவில்லை. தெருவில் பார்த்தால் சிரிப்பாள், நிற்கமாட்டாள். மற்றவர்கள் வழக்கம்போலப் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்று அதிலிருந்து தெரிந்தது. வந்தவர்களிடம் எனக்குத் தெரியாது, அந்தந்த ஆபீசில் நேரில் கேளுங்கள் என்றேன். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அவர் மறுபடி கப்பலேறி இரண்டு மாதம் ஆகியிருக்கும். போன வாரம் ஒரு மத்தியானம் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. அவள்தான். கையில் போன். புருஷனுடைய சான்றிதழ் ஒன்றைப் புதுப்பிக்க வேண்டும் என்று ஏதோ ஆபீசிலிருந்து மெயில் வந்திருக்கிறது.

"நெசமா பொய்யான்னு பாருங்கக்கா" என்றாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை.

"பரவால்லக்கா. விசாரிக்கிறதுன்னா இப்பவே விசாரிங்க. நான் நிக்கேன்."

அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது. அவர் எடுக்கும்வரை அவள் என் பக்கத்திலேயே நின்றாள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு.